இரவு ஒன்பது மணிக் கூட்டமும் மாறிப்போன வாக்காளர் பட்டியலும்

வாக்காளர் பட்டியலை உட்கார்ந்து படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. காரைக்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று தேர்தல்களுக்கு ஒரு கட்சியின் பூத் ஏஜென்டாக உட்கார்ந்தேன், அப்போது பிடித்த பழக்கம் (எந்தக் கட்சி என்பது இங்கே முக்கியமில்லை). வீட்டு எண், பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, ஆணா பெண்ணா, அதில் இருப்பது இவ்வளவுதான். ஆனால் ஒரே பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்கு உட்பட்ட பகுதியின்) பத்து வருஷத்துக்கு முந்தைய பட்டியலையும் இப்போதைய பட்டியலையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஊரே மாறிப்போயிருப்பது தெரியும். ஒரே கதவிலக்கத்தில் பதினொரு பெயர் இருந்த பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது, முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் திறக்கிறார்கள், அந்தப் பதினொரு பேரில் பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேரில் சிலர் உயிரோடு இல்லை. அடுத்த தெருவில் ஆண் பெயர் இருக்கிறது, ஆள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறார், வீட்டில் இருப்பது மனைவியும் மாமியாரும் பிள்ளைகளும். ஊருக்கு வெளியே பொட்டலாகக் கிடந்த இடம் ஏதோ ஒரு நகர் என்று பெயர் வாங்கிக்கொண்டு புதிதாக நூறு, நூற்றைம்பது ஓட்டுகளோடு நிற்கிறது. அங்கே குடியிருப்பவர்கள் தேவகோட்டைப் பக்கம், திருவாடானைப் பக்கம், அறந்தாங்கிப் பக்கம் எனப் பல ஊர்களிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காகக் காரைக்குடி வந்தவர்கள். அவர்கள் வீட்டுத் தாத்தா எந்தக் கட்சி என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாது.

காரைக்குடி 2024இல் மாநகராட்சியே ஆகிவிட்டது. ஆனால் அந்தப் பாகத்தில் எங்கள் கட்சியின் கிளைப் பொறுப்பாளர் பட்டியல் இருபது வருஷமாக ஏறக்குறைய அப்படியே இருக்கிறது.

இந்த இரண்டு பட்டியல்களுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாக்காளர்கள் மாறும்போது கட்சி எப்படி மாற வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலான கட்சிக்காரர்கள் மூன்று பதில்களில் ஒன்றைச் சொல்வார்கள்: நல்ல கூட்டணி அமைக்க வேண்டும், நல்ல திட்டத்தை அறிவிக்க வேண்டும், செல்போனில் நன்றாக வேலை செய்ய வேண்டும். மூன்றும் தேவைதான். ஆனால் இந்த மூன்றையும் செய்துவிட்டு, கட்சிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத் தொடாமல் விட்டால், அந்தக் கட்சி மாறவில்லை என்பதுதான் என் எண்ணம். செட்டிநாட்டின் தேர்தல் வரலாற்றையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம், வேறெங்கும் போக வேண்டியதில்லை.

முதலில் கூட்டணி. சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதியில் 2014இல் காங்கிரஸ் தனியாக நின்றது. வேட்பாளர் கார்த்தி சிதம்பரம். ஒரு லட்சத்து நாலாயிரத்துச் சொச்சம் ஓட்டு, நான்காவது இடம். அதே வேட்பாளர், அதே தொகுதி, 2019: ஐந்து லட்சத்து அறுபத்தாறாயிரம் ஓட்டு, மூன்று லட்சத்து முப்பத்திரண்டாயிரம் வித்தியாசத்தில் வெற்றி. ஐந்து வருஷத்தில் நான்கரை லட்சம் பேர் காங்கிரஸ்காரர்களாக மாறிவிட்டார்களா? இல்லை. தி.மு.க. கூட்டணி வந்தது, மத்திய ஆட்சி மீது கோபம் இருந்தது. இதற்கு முன்னாலும் இதே கதைதான். 1998இல் த.மா.கா. (காங்கிரசிலிருந்து பிரிந்த தமிழ் மாநில காங்கிரஸ்) சார்பில் இங்கே ஜெயித்த ப. சிதம்பரம், 1999இல் தி.மு.க. பா.ஜ.க. பக்கம் போய், த.மா.கா. தனி அணியாக நின்றபோது மூன்றாவது இடத்துக்குப் போனார். ஒரே வருஷ இடைவெளி. 2009இல் நாட்டின் உள்துறை அமைச்சராக இருந்தபோதே அவர் ஜெயித்த வித்தியாசம் 3,354 ஓட்டுதான். பா.ஜ.க.வுக்கும் இதே கணக்குதான்: 2001இல் தி.மு.க. கூட்டணியில் எச். ராஜா காரைக்குடி சட்டமன்றத் தொகுதியை வென்றார், பின்னால் அந்தக் கூட்டணி இல்லாமல் அதே மண்ணில் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் நின்று தோற்றார்.

கூட்டணியை நான் குறை சொல்லவில்லை. நம் தேர்தல் முறையில் முதலாவதாக வருகிறவருக்குத்தான் இடம், முப்பது சதவீதம் வாங்கினாலும் இரண்டாவதாக வந்தால் ஒன்றுமில்லை, அதனால் கூட்டணி இல்லாமல் பிழைக்க முடியாது. பிரச்சினை என்னவென்றால் கூட்டணி வெற்றி ஒரு கட்சியின் உண்மையான உடல்நிலையை மறைத்துவிடும். காய்ச்சலுக்கு மாத்திரை போட்டதும் உடம்பு சில்லென்று ஆகிவிடுகிறது, நோய் உள்ளேயே இருக்கிறது, அது போல. 2019இல் ஐந்து லட்சம் ஓட்டு விழுந்தபோது எத்தனை பூத்தில் காங்கிரஸ்காரர் ஒருவராவது சொந்தமாக உட்கார்ந்திருந்தார் என்று அந்தக் கட்சி நண்பர்களிடமே கேட்டுப்பாருங்கள். அவர்கள் வருத்தத்தோடு சொல்லும் பதிலைக் கேட்டிருக்கிறேன்.

இனி அதிகம் பேசப்படாத ஒரு கதைக்கு வருகிறேன். சுதந்திராக் கட்சி. 1959இல் ராஜாஜி தொடங்கியது. லைசென்ஸ், பெர்மிட், கோட்டா என்று எல்லாவற்றையும் அரசாங்கமே பிடித்து வைத்திருப்பதை எதிர்த்த கட்சி. 1962 தேர்தலில் காரைக்குடி சட்டமன்றத் தொகுதியில் அந்தக் கட்சிதான் ஜெயித்தது. வேட்பாளர் சா. கணேசன், சுதந்திரப் போராட்டக்காரர், 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கிய கம்பன் அடிப்பொடி. இந்த மண்ணில் அந்தக் கட்சிக்கு ஏன் இடம் கிடைத்தது என்பதை யோசித்தால் புரியும். பர்மாவில் கொண்டுவிற்று, அதாவது வட்டித் தொழிலும் வியாபாரமும் செய்து, 1942இல் ஜப்பான் படை வந்தபோது விட்டுவிட்டு நடந்தே திரும்பியவர்களின் பிள்ளைகள் இங்கே இருந்தார்கள். அறுபதுகளில் அங்கே மிச்சமிருந்ததையும் அந்த அரசாங்கம் எடுத்துக்கொண்டது. அரசாங்கம் சொத்தைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் புத்தகத்தில் படிக்காமல் வீட்டிலேயே பார்த்தவர்களிடம் ராஜாஜியின் பேச்சு எடுபட்டதில் ஆச்சரியமில்லை.

1967இல் நாடாளுமன்றத்தில் 44 இடங்கள் பிடித்து, காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாக இருந்தது சுதந்திராக் கட்சி. ஏழே வருஷம். 1974இல் பாரதிய லோக் தளத்தோடு கலந்து பெயரே இல்லாமல் போனது. ஆனால் அது சொன்ன கருத்து தோற்கவில்லை. 1991இல் லைசென்ஸ் முறையை உடைக்கத் தொடங்கியது காங்கிரஸ் அரசு, அதில் வர்த்தகத் துறையைப் பார்த்தவர் இதே சிவகங்கைத் தொகுதி எம்.பி. சிதம்பரம். கருத்து ஜெயித்தது, அதைச் சொன்ன கட்சி அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். சா. கணேசனை எல்லோருக்கும் நினைவிருக்கிறது, நட்சத்திரச் சின்னம்கூடச் சிலருக்கு நினைவிருக்கிறது. உங்கள் ஊரில் அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர் யார் என்று கேட்டால் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பெரிய மனிதர்கள் இருந்தார்கள், கொள்கை இருந்தது, பணமும் இருந்தது, தெருவில் ஆள் இல்லை. பெரிய மனிதர் காலமானதும் அவர் வீட்டோடு கட்சியும் முடிந்துவிட்டது. பெரிய வீட்டைச் சுற்றி மட்டும் நிற்கும் எந்தக் கட்சிக்கும் இன்றைக்கும் இந்த ஆபத்து உண்டு.

அதே பத்திருபது வருஷங்களில் எதிர்ப்பக்கத்தில் நடந்தது வேறு. தி.மு.க. 1949இல் திராவிடர் கழகத்திலிருந்து பிரிந்தது. தாய்க்கழகம் தேர்தலே வேண்டாம் என்ற இயக்கம். 1952 தேர்தலில் புதிய கட்சியும் நிற்கவில்லை. 1956இல் திருச்சி மாநாட்டில், தேர்தலில் நிற்கலாமா வேண்டாமா என்று வந்திருந்தவர்களிடமே பெட்டி வைத்து வாக்கெடுத்தார்கள். இது சாதாரணமாகக் கடந்துபோகிற விஷயம் கிடையாது. ஒரு கட்சி தன் அடிப்படையான ஒரு முடிவை மாற்றும்போது மேலிடத்தில் தீர்மானித்துக் கீழே சொல்லியனுப்பவில்லை, கீழே இருந்தவன் கையில் சீட்டைக் கொடுத்து நீ சொல் என்றது. அதனால் 1957இல் ஓட்டுக் கேட்கப் போனவன் தன் சொந்த முடிவுக்காகப் போனான்.

செட்டிநாட்டில் இது எப்படி இருந்தது? பிள்ளையார்பட்டி இருக்கும் ஊர் இது, வைரவன்கோயிலும் குன்றக்குடியும் இருக்கும் ஊர். நகரத்தார் பிரிவுகளே ஒன்பது கோயில்களை வைத்துத்தான். 1953இல் திராவிடர் கழகம் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தியது. அந்த நினைவு சூடாக இருக்கும்போது அதே மரபிலிருந்து வந்த ஒரு கட்சி இங்கே வந்து ஓட்டுக் கேட்க வேண்டும். அண்ணா திருமூலரை எடுத்தார்: ஒன்றே குலம், ஒருவனே தேவன். ஒரே வரியில் சாதியை மறுப்பதும் இருந்தது, கோயிலுக்குப் போகிறவரைத் துரத்தாமல் இருப்பதும் இருந்தது, அதிலும் அந்த வரி சைவத் திருமுறையிலேயே இருப்பதால் இங்கே எந்தத் திண்ணையிலும் சொல்ல முடிந்தது. எதைக் கைவிட்டார்கள், எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பாருங்கள்: சிலை உடைப்பை விட்டார்கள், சாதி எதிர்ப்பையும் தமிழையும் விடவில்லை.

1957இல் திருக்கோட்டியூரில் நின்றவர் கவிஞர் கண்ணதாசன், பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர், சினிமாவில் பெயர் எடுத்தவர், கல்லக்குடி (டால்மியாபுரம்) பெயர் மாற்றப் போராட்டத்தில் சிறை போனவர். தோற்றார். 1962இல் அதே திருக்கோட்டியூரில் தி.மு.க.வின் செ. மாதவன் என்ற வழக்கறிஞர் ஜெயித்தார், 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் சட்ட அமைச்சரும் ஆனார். ஊரறிந்த கவிஞரால் முடியாததைப் பெரிய புகழ் இல்லாத வழக்கறிஞர் செய்தார் என்றால் நடுவில் இருந்த ஐந்து வருஷத்தைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு திறந்த படிப்பகங்கள், முடிதிருத்தும் கடையில் சத்தமாக வாசிக்கப்பட்ட பத்திரிகை, டீக்கடை பெஞ்சு, மாலை நேரப் பொதுக்கூட்டம். படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த பையனுக்குக் கட்சியில் ஒரு பொறுப்பு கிடைத்தது, மேடையில் ஐந்து நிமிஷம் கிடைத்தது. சட்டமன்றத்தில் 1957இல் 15ஆக இருந்த இடம் 1962இல் 50 ஆனது.

இந்த மாற்றம் வலிக்காமல் நடக்கவில்லை. தனித் திராவிட நாடு நடக்கிற காரியம் இல்லை என்று உள்ளேயே சொன்ன ஈ.வெ.கி. சம்பத் 1961இல் கட்சியை விட்டுப் போனார், கண்ணதாசனும் கூடவே போனார். இரண்டு வருஷம் கழித்து 1963இல் அந்தக் கோரிக்கையைக் கட்சியே கைவிட்டது. சம்பத் சரியாகத்தான் சொன்னார், ஆனால் கட்சி தயாராவதற்கு முன்பே சொல்லிவிட்டார். மாற்றம் கேட்டு உள்ளே இருந்து பேசுகிறவர்களை வெளியே தள்ளிவிட்டு, பிறகு அவர்கள் சொன்னதையே செய்கிற பழக்கம் எல்லாக் கட்சிகளிலும் இருக்கிறது. அவர்களை உள்ளே வைத்துக்கொண்டே மாறத் தெரிந்திருந்தால் எவ்வளவு பேர் மிச்சமாகியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மறுபக்கம் காங்கிரஸ். எனக்கு இதில் உண்மையிலேயே மனவருத்தம் உண்டு. காமராஜர் ஆட்சியில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார்கள், மதிய உணவு போட்டார்கள். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமே வந்தது, கல்லூரிகள் வந்தன. அந்தப் பள்ளிக்கூடங்களிலும் கல்லூரிகளிலும் படித்து வெளியே வந்த தலைமுறைதான் 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவுக்கு வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது செட்டிநாட்டு அரசர் கட்டிய பல்கலைக்கழகத்தில், துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் சிவகங்கை இராசேந்திரன். 1967இல் விருதுநகரில் காமராஜரையே 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதி தி.மு.க.வின் தா. கிருட்டிணனிடம் போனது. காங்கிரஸ் தான் படிக்க வைத்த பிள்ளைகளுக்குத் தன் வீட்டில் நாற்காலி போடவில்லை. ஆட்சியில் இருக்கிற கட்சி நல்லது செய்தால் வாக்காளர் மாறுவார், படித்தவன் வேறு கேள்வி கேட்பான், சம்பாதிக்கிறவள் வேறு கேள்வி கேட்பாள். தான் உண்டாக்கிய மாற்றத்தைத் தானே அடையாளம் தெரியாமல் நிற்பது கட்சிகளுக்கு வருகிற பெரிய சங்கடம்.

இப்போது பெண்களுக்கு வருகிறேன், ஏனென்றால் இன்றைய செட்டிநாட்டில் பெரிய மாற்றம் இதுதான். தமிழ்நாட்டு வாக்காளர் பட்டியலில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம். ஆண்கள் வெளிநாட்டிலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிற எங்கள் பக்கத்து ஊர்களில் ஓட்டுப் போடும் நாளன்று வரிசையைப் பார்த்தாலே தெரியும். எம்.ஜி.ஆர். இதை மற்றவர்களுக்கு முன்னால் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். 1982இல் சத்துணவை விரிவாக்கியபோது பிள்ளைகளுக்குச் சோறு கிடைத்ததோடு, ஊருக்கு ஊர் அமைப்பாளர், சமையலர், ஆயா என்று பெண்களுக்கு ஒரு வேலையும் பெயரும் கிடைத்தது. அவர் கட்சி நீண்ட நாள் பெண்களின் கட்சியாக நின்றதற்கு சினிமா மட்டும் காரணம் கிடையாது. இன்றைக்கு 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு ஜவுளிக்கடை வேலைக்கு வருகிற பெண்ணிடம் கேட்டால் அந்த இரண்டின் மதிப்பு என்ன என்று சொல்வாள். இவற்றை இலவசம் என்று இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. எல்லாக் கட்சிகளும் பெண்ணைப் பயனாளியாகப் பார்க்கின்றன, பொறுப்பாளராகப் பார்ப்பதில்லை. சிவகங்கை வேலு நாச்சியார் ஆண்ட சீமை. இழந்த நாட்டைப் படை திரட்டி மீட்டவர். அந்தப் பெயரைச் சொல்லாமல் இங்கே எந்த மேடையும் நடப்பதில்லை. ஆனால் சிவகங்கை நாடாளுமன்றத் தொகுதி 1967இல் முதல் தேர்தலைச் சந்தித்ததிலிருந்து 2024 வரை ஒரு பெண்கூட இங்கிருந்து டெல்லிக்குப் போனதில்லை. உள்ளாட்சியில் 2016 முதல் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்ததால் ஊராட்சித் தலைவர்களாகப் பெண்கள் வந்தார்கள், பல இடங்களில் கணவர்தான் நாற்காலியில் உட்கார்ந்தார் என்பதும் தெரிந்த விஷயம், ஆனால் உண்மையாகவே ஊரை நடத்தக் கற்றுக்கொண்ட பெண்களும் அதில் நிறைய. அந்த ஐந்து வருஷ அனுபவத்தை எந்தக் கட்சி ஒன்றியப் பொறுப்புக்கு எடுத்துக்கொண்டது? நாம் தமிழர் கட்சியின் அரசியலில் எனக்குப் பல மறுப்புகள் உண்டு. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், அவர்கள் வேட்பாளர்களில் பாதிப் பேரைப் பெண்களாக நிறுத்துகிறார்கள். சிவகங்கையில் 2019இலும் 2024இலும் பெண்ணையே நிறுத்தினார்கள், கூட்டணி இல்லாமல் எழுபதாயிரத்துச் சொச்சமாக இருந்த ஓட்டு ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. அது பெண் நின்றதால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். பெண்ணை நிறுத்தினால் ஓட்டுக் குறையும் என்று பெரிய கட்சிகளில் சொல்லப்படும் சாக்கு இனிமேல் செல்லாது, அதைச் சொல்வேன்.

என் பாகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மகளிர் குழுத் தலைவியாக இருக்கும் ஒரு அக்கா, நாற்பது வயது, இருநூறு வீட்டின் கடன் கணக்கும் கல்யாணக் கணக்கும் மனப்பாடம். யார் வீட்டில் ரேஷன் அட்டையில் பெயர் சேரவில்லை, யார் பையன் பதினெட்டு முடித்தான் எல்லாம் தெரியும். அவரைப் பூத் கமிட்டிக்குப் போடலாம் என்று எங்கள் கட்சியின் கிளைச் செயலாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர், நாற்பது வருஷமாகக் கட்சிக்காக அடி வாங்கியவர், எனக்கு மாமா முறை.

“அதெல்லாம் சரி மாப்ள, அந்தப் புள்ள ராத்திரி ஒம்பது மணிக்குக் கூட்டத்துக்கு வருமா?”

“ஏன் மாமா ஒன்பது மணிக்கு வைக்கணும்? ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு வைப்போமே.”

“எப்பவும் ஒம்பது மணிக்குத்தானப்பா.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கூட்டம் டீக்கடைக்குப் பின்னால் நடக்கும், வேலை முடித்துச் சாப்பிட்டுவிட்டு ஆண்கள் வருவார்கள், சிலர் கொஞ்சம் குடித்துவிட்டும் வருவார்கள். அது ஒரு காலத்தின் வசதிக்கு அமைந்த நேரம். ஆனால் அந்த நேரமே ஊரில் பாதிப் பேரை வெளியே நிறுத்துகிற சுவராக இருக்கிறது. கொள்கை அறிக்கையில் பெண் விடுதலை பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டுக் கூட்டத்தை ஒன்பது மணிக்கு வைத்தால் எந்தப் பெண் வருவாள்? இளைஞர்களுக்கும் இதே நிலைமைதான். பதினெட்டு வயதில் ஓட்டு வந்தது 1989இல். 2022க்குப் பிறகு வருஷத்துக்கு நான்கு தகுதி நாள், ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் பதினெட்டு முடிந்தாலும் பெயர் சேர்க்கலாம். இதைச் சொல்லிக்கொடுத்துப் படிவம் நிரப்பித் தருகிற வேலையை ஒரு கட்சிக் கிளை ஒழுங்காகச் செய்தாலே அந்தத் தெருப் பிள்ளைகளுக்குக் கட்சி என்றால் என்ன என்று முதல் தடவை தெரியும். மாறாக ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் சேர்த்துத் தினமும் தலைவர் படத்தை அனுப்புகிறோம்.

சாதிக்கும் ஒரு வார்த்தை. செட்டிநாட்டு அரசியலில் யார் எந்தப் பொறுப்பில் இருப்பது என்பதைக் கட்சி விதிகளைவிட ஊர்க் கணக்கு அதிகமாகத் தீர்மானிக்கிறது. தேவகோட்டைப் பக்கத்துக் கண்டதேவியில் பட்டியல் சமூகத்தார் தேர் வடம் பிடிக்கிற உரிமை பற்றிய பிரச்சினையில் வருஷக்கணக்கில் தேரே ஓடவில்லை, நீதிமன்றம் தலையிட்டு 2024 ஜூனில்தான் ஓடியது. இவ்வளவு வருஷத்தில் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் உண்டு, அதிகாரிகள் உண்டு, போலீஸ் உண்டு. இரண்டு பக்கமும் ஓட்டு வாங்கிய பெரிய கட்சிகள் தங்கள் உள்ளூர்ப் பொறுப்பாளர்களை உட்காரவைத்து இதைப் பேசித் தீர்க்க முடியாமல் போனதற்குக் காரணம், அந்தப் பொறுப்பாளர் நாற்காலிகள் ஒரே பக்கத்தில் இருந்தன என்பதுதான் என்று நான் நினைக்கிறேன். பட்டியல் சமூகத்துப் படித்த பிள்ளைகள் இன்று ஓட்டை மட்டும் கொடுத்துவிட்டு நிற்கத் தயாராக இல்லை. அதைப் புரிந்துகொள்ளாத கட்சி அவர்களை இழக்கும், இழக்கத்தான் வேண்டும்.

மாறுகிறேன் என்று இறங்கிக் கவிழ்ந்த கட்சியும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். மேற்கு வங்கத்தில் இடது முன்னணி 1977இலிருந்து 34 வருஷம் ஆண்டது. குத்தகை விவசாயிகளின் பெயரைப் பதிவு செய்து அவர்களுக்கு நிலத்தில் உரிமை கொடுத்ததுதான் அதன் பலம். அந்த விவசாயிகளின் பிள்ளைகளுக்கு இனி நிலம் போதாது, தொழிற்சாலை வேண்டும் என்று கட்சி படித்தது சரி. ஆனால் அதற்காக 2006இல் சிங்கூரிலும் 2007இல் நந்திகிராமிலும் போய், எந்த விவசாயிக்கு உரிமை கொடுத்ததோ அந்த விவசாயியின் நிலத்தையே எடுக்க நின்றது, நந்திகிராமில் போலீஸ் சுட்டு 14 பேர் இறந்தார்கள். 2011இல் ஆட்சி போனது, 2021இல் சட்டமன்றத்தில் ஒரு இடம்கூட இல்லை. அடித்தளத்தில் இருப்பவர்களைக் கேட்காமல், மேலே சரியாகப் படித்து, கீழே கட்டளையாக இறக்கினால் இதுதான் நடக்கும். 1956இல் திருச்சியில் பெட்டி வைத்ததற்கும் இதற்கும் இருக்கிற வித்தியாசத்தைக் கட்சிக்காரர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

பொறுமையும் வேண்டும். ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 1959இல் பாட் கோடஸ்பெர்க் என்ற ஊரில் கூடி, தொழிலாளி வர்க்கத்தின் கட்சி என்ற பழைய வரையறையை விட்டு மக்கள் எல்லோருக்குமான கட்சி என்று தன்னை மாற்றி எழுதியது. அதற்கு அடுத்த தேர்தலில் ஜெயிக்கவில்லை, அதற்கடுத்ததிலும் முதலிடம் வரவில்லை. வில்லி பிராண்ட் ஆட்சித் தலைவரானது 1969இல், பத்து வருஷம் கழித்து. நம் ஊரில் ஒரு தேர்தலில் தோற்றால் மறுநாளே மாவட்டச் செயலாளரை மாற்று என்கிறோம், மாற்றினால் வருகிறவர் பழையவரின் சம்பந்தியாக இருக்கிறார்.

அப்படியென்றால் செட்டிநாட்டில் ஒரு கட்சி நாளைக் காலை என்ன செய்யலாம்? 2025 நவம்பரில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். பூட்டிய வீட்டுப் பெயர், இறந்தவர் பெயர், இடம் மாறியவர் பெயர் என்று பட்டியலே பெரிதாக அசைந்தது. அந்தப் பட்டியலையும் தங்கள் பொறுப்பாளர் பட்டியலையும் பக்கத்தில் வைத்து, இந்தப் பாகத்தில் பெண் எத்தனை, முப்பது வயதுக்குக் கீழ் எத்தனை, பத்து வருஷத்துக்குள் குடிவந்தவர் எத்தனை, எங்கள் கமிட்டியில் அவர்களில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கிளையும் ஒரு மாலை உட்கார்ந்து எண்ணிப் பார்க்கட்டும். ஒரு பூத்துக்கு 1,200 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டதால் பூத்துகள் கூடுகின்றன, அப்படிக் கூடும் பூத்துகளுக்குப் புதிய கமிட்டி போட்டே ஆக வேண்டும். பழையவர் யாரையும் அவமானப்படுத்தி இறக்காமல் புதியவர்களை உள்ளே கொண்டுவர இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. வெளிநாட்டில் இருப்பவர் நேரில் வந்தால்தான் ஓட்டுப் போட முடியும், அதனால் அவர் வீட்டில் முடிவெடுப்பவர் இன்றைக்கு யார் என்று பார்த்து அவரிடம் பேச வேண்டும். புதிய நகர்களில் குடியிருப்போர் சங்கம் இருக்கிறது, தண்ணீருக்கும் சாக்கடைக்கும் மனு எழுதி எழுதி அவர்களுக்கு மாநகராட்சி அலுவலகத்தின் எல்லா மேஜையும் அத்துப்படி, அவர்களைத் தேடிப் போக வேண்டும்.

போன மாதம் மாமாவிடம் மறுபடி பேசினேன். மூட்டு வலி, இரவில் அவரே கூட்டத்துக்கு வருவது சிரமமாகிவிட்டது. நாலு மணிக்கு வைத்துப் பார்ப்போமா என்று அவராகவே கேட்டார். அக்காவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் குழுக் கூட்டம் இருக்கிறது, ஐந்தரைக்கு என்றால் வருகிறேன், தனியாக வர மாட்டேன், இன்னும் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வருவேன், டீக்கடைக்குப் பின்னால் வேண்டாம், பள்ளிக்கூட வராண்டாவில் வையுங்கள் என்றார். வராண்டாவுக்கு அனுமதி கேட்க வேண்டும். நாற்காலி பத்து இருக்கிறது, இன்னும் ஏழெட்டு வாடகைக்கு எடுக்க வேண்டும்.